உபய மூட்டையும் வேகாத மொச்சையும்

விழாவுக்குத் தலைமை ஏற்று, விசிறிக்கு நேரே வீற்றிருக்கும் தலைவர் காளிச்சாமி ஐயா அவர்களே, நம் வீதியின் பேரிடர்கால உணவு அறைக்கு மூட்டை மூட்டையாகப் பயறு கொடுத்து, மூட்டைக்கு மூட்டை தம் பெயரையும் பெயின்டில் எழுதிய பெருந்தகை கிருபாசங்கர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, நாற்காலி போதாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் தாய்மார்களே, அறைச் சாவி வைத்திருக்கும் பிரவீனாவின் வணக்கம்.

புதுப்பித்த அறையை இன்று திறக்கிறோமாம். திறப்போம், படம் பிடிப்போம், உடனே பூட்டுவோம். பூட்டிவைத்தால் பசி தீரும் என்று யார் சொன்னார்கள்? மொச்சை என்ன, லாக்கரில் வைக்கும் நகையா?

சென்ற ஐப்பசியை மறந்துவிட்டீர்களா? குளத்துத் தண்ணீர் வீதிக்குள் புகுந்தது. தறிக்காரர், வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று வேற்றுமை பாராமல் எல்லோரையும் இந்தக் கல்யாண மண்டபத்துக்குள் விரட்டியது. பால் வரவில்லை, சூலூர் பஸ் வரவில்லை. அறை இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்றோம்.

அறையைத் திறந்தோமே, அடுப்பைப் பற்றவைத்தோமா? இல்லை. மூட்டை கொடுத்தவர்களுக்குள் யாருடையதை முதலில் பிரிப்பது என்று மரியாதை பார்த்தோம். "உங்களுது மொதல்ல பிரிங்க." "அய்யோ வேண்டாமுங்க, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?" பசித்த வயிறுகளை உட்காரவைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை இந்த உபசாரம். கடைசியில் நம் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "யாருக்கும் மனசு கோணக் கூடாதுங்க. எல்லாத்தையும் ஒரே அண்டாவுல கொட்டிப்போடுங்க."

கொட்டினார்கள். தையில் வந்த புது மொச்சை, பூட்டியே பழசாகிப்போன மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, எல்லாம் ஒன்றாக. ஊறவைக்க நேரமில்லையாம். உபசாரத்துக்கு மட்டும் நேரம் இருந்தது. போதாக்குறைக்கு, தட்டைப்பயறு வெந்ததைப் பார்த்துவிட்டு, மொச்சை வேகும் முன்பே புளியைக் கரைத்து ஊற்றினார்கள். புளி விழுந்தபின் மொச்சை வேகுமா? தட்டைப்பயறு கூழாயிற்று, பழைய மொச்சை கல்லாகவே கிடந்தது, சிலிண்டரும் தீர்ந்தது.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் அண்ணா. அன்று நீங்கள் சன்னலோரம் போய்த் துப்பியதையும் நான் பார்த்தேன்.

செவ்வந்தி எங்கே? எழுந்து நில் கண்ணு. தறி ஓட்டும் இந்தப் பெண் அன்று கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் போட்டாள், மெல்ல முடியவில்லை. "பரவால்லீங்கக்கா, எனக்குப் பசியில்லீங்க" என்றாள். பால் சுரக்காமல் பிள்ளை வீறிட்டது. மூட்டையின் மானம் காத்தோம், முலைப்பாலை வற்றவிட்டோம். அந்தப் பிள்ளை இன்று தவழ்கிறது என்றால் அதற்குக் காரணம் மறுநாள் வடிந்த வெள்ளம், நம் அறை அல்ல. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதே அறைக்குத்தான் வண்ணம் பூசியிருக்கிறீர்கள். அதே பெயர்கள், அதே பூட்டு. எடுத்துத் தின்னாததைச் சேர்ப்பது சேமிப்பா? சேர்த்ததைத் தின்ன வேண்டும், தின்றதை அடுத்த அறுவடையில் நிரப்ப வேண்டும். நாமோ பூட்டிவைக்க ஒரு கமிட்டி, கொடுத்தவருக்கு ஒரு சால்வை என்று நிற்கிறோம்.

என்ன தலைவரே, ரிப்பன் வெட்ட நேரமாகிறதா? தாராளமாக வெட்டுங்கள். உள்ளே ஒன்றும் இல்லை. நேற்று மாலையே அத்தனை மூட்டையையும் பிரித்துவிட்டேன். பழசு தனியாக, புதுசு தனியாக, இரவெல்லாம் ஊறியது. பந்தலுக்குப் பின்னால் இப்போது கொதிப்பது அதுதான்.

கிருபாசங்கர் ஐயா எழுந்துவிட்டார். "ஏனுங் அம்மணி, என்ர பேரு போட்ட மூட்டையவுமா பிரிச்சுப்போட்டீங்க?" என்கிறார். ஆமாங்கய்யா. சாக்கை மட்டும் மடித்து வைத்திருக்கிறேன். தையில் புது மொச்சையோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் கடுக்க நின்று கேட்ட தாய்மார்களுக்கு என் நன்றி. இலை போட்டாயிற்று. முதல் பந்தியில் செவ்வந்தி உட்காரட்டும். மேடையில் இருப்பவர்கள் பரிமாற வாருங்கள். வணக்கமுங்க.