கர்தினாலுக்கு ஒரு சிரிப்பு

சிவப்புப் பட்டு அங்கியை வரைந்தால் வண்ணம் காய நாளாகும், நீதிபதி ஐயா. ரோமாபுரியில் மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கர்தினால் ஓரெஸ்தே ஆண்டகையின் அரண்மனையிலேயே தங்கி அவர் படத்தை வரைந்தேன். சாப்பாடும் நன்றாக இருந்தது.

ஆண்டகை குள்ளம். போதாக்குறைக்கு ஓயாத விக்கல். எனவே முகத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கியை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தது மூட்டை தூக்கும் துல்லியோவை. மோதிரக் கை இறைச்சிக் கடைக்காரருடையது. எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணத்தில் அவரை வரைந்து வைத்தேன். அப்படி வைத்தால், பார்க்கிறவன் நின்றுகொண்டிருந்தாலும் மண்டியிட்ட மாதிரிதான். பின்னால் கனத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டேன்.

படத்தை வரவேற்பறையில் மாட்டியதும் வீட்டு நாய் அதன்முன் மல்லாந்து படுத்துவிட்டது. மனுவோடு வந்த பிரபு ஒருவர், யாரும் கேட்காமலே பழைய பாவங்களை ஒப்பித்தார். சமையற்காரி பெர்பேத்துவா சூப்பைப் படத்திடம் காட்டிவிட்டுத்தான் பரிமாறினாள். ஜனங்கள் முத்தமிட்டு முத்தமிட்டு மோதிரம் வெளுத்துப்போனது. அடிக்கடி வண்ணம் தொட்டுவைத்தேன்.

ஒருநாள் ஆண்டகையே பழைய அங்கியில் விக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வரிசையில் நின்ற மீன்காரி முறைத்தாள்.

"ஏம்ப்பா, பின்னாடி போய் நில்லு. பெரியவரு பாத்துக்கிட்டே இருக்காரு."

அவரும் போய் நின்றார். அன்று மாலை என்னிடம் வந்தார்.

"ஃபுல்ஜென்சியோ, எனக்கே அவரைப் பாத்தா பயமா இருக்குப்பா. சின்னதா ஒரு சிரிப்பு போட்டுடேன்."

"சிரிச்சா மரியாதை போயிடும், ஆண்டகையே."

"போகட்டுமே. நீ போடலேன்னா நாளைக்கு வேற ஆளு வந்து போடுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லெல்லாம் தெரிந்தது.

நிதானமாக யோசித்தேன். அவரும் படத்தில் இருக்கிறவரும் ஒத்துப்போகவில்லை, யாராவது ஒருவரைத் திருத்தியாக வேண்டும். படத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

சரிகைக்கு மஞ்சள் தருவது அரிதாரம் என்கிற நஞ்சுக்கல். அதை மைபோல அரைத்து அவர் சூப்பில் கலந்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். விடிவதற்குள் விக்கல் நின்றுவிட்டது. வைத்தியர்கள் இருபது வருடமாக முயன்றது அது. அதற்காக எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கர்தினாலைக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். அவர் சுவரில் சௌக்கியமாக இருக்கிறார். அவரைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும்.