படு என்பதற்கு இரண்டு சொல்

டோர்டிஸ்: டெக்… டெக்னு சொன்னேன்ல… லெஃப்ஸே, டெக்!

இங்வில்: அம்மா, அது கொட்டாவி விடுது.

டோர்டிஸ்: விடட்டும். விரல் நுனியில ஈரல் பசை. இதோ தரைகிட்ட கொண்டுபோறேன்… மூக்கு கீழ வருது பாரு… வருது… வந்துடுச்சு…

இங்வில்: பின்பக்கம் மேல போயிடுச்சு.

டோர்டிஸ்: சிரிக்காதடி.

இங்வில்: தட்டை ரொட்டியோட பேரை வெச்சோம். ஒரு நாளாவது தட்டையாப் படுத்திருக்கா?

டோர்டிஸ்: நேத்து நாய்ப் பயிற்சி வகுப்புல பன்னெண்டு குட்டி. பதினொண்ணு படுத்துடுச்சு. நம்மளது மட்டும் நட்டுவெச்ச கம்பமாட்டம் நிக்குது. அந்த டீச்சர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு…

இங்வில்: டயரைப் பத்திப் பேசறேன்னு நெனைக்குதோ என்னவோ. நாய்க்கு டெக்னா படு, காருக்கு டெக்னா டயர். குழம்பாதா? அப்பா வீட்டுல போன வாரம் பூரா இதே பேச்சு. கோடை டெக்கைக் கழட்டு, பனிக்கு ஆணி டெக்கை மாட்டு…

டோர்டிஸ்: அதைக் கேக்க லெஃப்ஸே எப்ப அங்க போச்சு?

இங்வில்: போகல… சும்மா சொன்னேன்.

டோர்டிஸ்: போகவும் போகாது. நீ ஒரு வாரம் இங்க, ஒரு வாரம் அங்கன்னு கையெழுத்துப் போட்டேன். நாய்க்குப் போடல.

இங்வில்: தெரியும்மா.

டோர்டிஸ்: டெக்!… யாரு மாத்தினா?

இங்வில்: எதை?

டோர்டிஸ்: ஆணி டயரை. உங்கப்பாவுக்கு ஜாக்கியை எந்தப் பக்கம் வெக்கிறதுன்னே தெரியாதே.

இங்வில்: …லொவிசா.

டோர்டிஸ்: ஓ. அப்பாவோட புது ஆளுக்கு அதுவும் தெரியுமா.

இங்வில்: ஏதோ கொஞ்சம்…

டோர்டிஸ்: பன் சுடத் தெரியும், டயர் மாத்தத் தெரியும். ஸ்வீடன்ல பொறந்தா எல்லாம் வந்துடும் போல. இன்னும் அந்த லவங்கப்பட்டை பன் சுடறாளா?

இங்வில்: எப்பவாவது.

டோர்டிஸ்: நல்லாருக்குமா?

இங்வில்: சுமார்தான். அடி கருகிடும்.

டோர்டிஸ்: பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும்.

இங்வில்: குளிருதும்மா.

டோர்டிஸ்: கணப்புப் பக்கத்துல உக்காந்துட்டுக் குளிரா… போன் கத்துது. யாரு?

இங்வில்: அப்பா மெசேஜ். அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறாராம். கார் இந்தச் சந்துல வராதுல்ல, கட்டுப் போட்ட காலோட படிக்கட்டு இறங்கறப்போ பிடிச்சுக்க ஆள் வேணும்.

டோர்டிஸ்: இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள இதைப் படுக்க வெச்சிடறேன். நீ கண்ணால பார்த்துட்டு அங்க போய்ச் சொல்லணும்.

இங்வில்: என்னன்னு?

டோர்டிஸ்: எங்கம்மா சொல்லிக்கொடுத்தா, படுத்துடுச்சுன்னு. சத்தமா. அவ காதுல விழற மாதிரி.

இங்வில்: படுக்காட்டிதான் என்னம்மா?

டோர்டிஸ்: என்னவா? அந்த வீட்டுல தோட்டம் இருக்கு, பன் இருக்கு, சிரிப்புச் சத்தம் இருக்கு. இங்க நாயாவது இருக்கட்டும்னுதான் வாங்கினேன். நீ திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?

இங்வில்: அதுக்கா…

டோர்டிஸ்: டெக், லெஃப்ஸே! டெக், கண்ணு…

இங்வில்: நான் இல்லாத வாரம் அது என்ன பண்ணும்?

டோர்டிஸ்: என்ன பண்ணும். பன்னெண்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துடறேன். ரெண்டு பேரும் நடக்கப் போவோம். சாயங்காலமானா உன் பழைய ஷூ மேல தலையை வெச்சுப் படுத்துக்கும்.

இங்வில்: படுத்துக்குமா! அப்ப படுக்கத் தெரியும்!

டோர்டிஸ்: வாய்… வாய்… ஏய், எங்க எந்திரிக்கற?

இங்வில்: தண்ணி.

டோர்டிஸ்: நான் தர்றேன். காலை ஊனாதேன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? பிள்ளைங்களைக் குதிக்க விட்டுட்டு அந்த உடற்பயிற்சி வாத்தியார் எங்க பராக்குப் பார்த்தாரோ… காலை இறக்காத! சோபாவுல அசையாம லிக்! லிக்னா லிக்!

இங்வில்: அம்மா… லெஃப்ஸேயைப் பாரு.

டோர்டிஸ்: படுத்துடுச்சு.

இங்வில்: களைச்சுப் போயிருக்கும்.

டோர்டிஸ்: எந்திரி, லெஃப்ஸே. எந்திரிச்சு நில்லு. …லிக்.

இங்வில்: மறுபடியும் படுத்துடுச்சு.

டோர்டிஸ்: மோவாய் தரையில பட, தட்டையா. லிக்னாலும் படுதான், ஆனா நம்ம ஊர்ல அதை மனுஷங்களுக்குத்தான் சொல்லுவோம், இங்வில். நாய்க்கு அப்படிச் சொல்றது எங்கடி?

இங்வில்: ஸ்வீடன்ல.

டோர்டிஸ்: அவ எப்பப் பார்த்தா என் நாயை?

இங்வில்: கத்தாதம்மா, அது பயப்படுது.

டோர்டிஸ்: என் வீட்டுக்குள்ள வந்தாளா? இந்த அறைக்குள்ள?

இங்வில்: வரல! ஒரு தடவைகூட வரல. கீழ தபால் பெட்டிகிட்ட நிப்பாங்க. நான் மேல வந்து, கதவைத் திறந்து, லெஃப்ஸேயைத் தூக்கிட்டு இறங்குவேன். நடந்துட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவேன். மழை பெஞ்சாலும் அவங்க அங்கதான்.

டோர்டிஸ்: எதுக்கு? நான்தான் பன்னெண்டு மணிக்கே…

இங்வில்: நீ வர்றது நாலு மணிக்கும்மா.

டோர்டிஸ்: …யார் சொன்னா?

இங்வில்: கீழ் வீட்டு அஸ்பியோர்ன். நான் இல்லாத வாரம் அது காலையிலேர்ந்து ஊளையிடுதாம். அதான் ஸ்கூல் விட்டதும், ரெண்டு மணிக்கு…

டோர்டிஸ்: உன் வாரத்துல நான் வீட்டுல இருக்க வேணாமா? அந்த டூட்டி நேரத்தையெல்லாம் மத்த வாரத்துல சேர்த்துப் பார்க்கிறேன். வேற எப்படி… வேற எப்படிச் செய்யறது, சொல்லு?

இங்வில்: தெரியும். லொவிசாவும் அதேதான் சொன்னாங்க.

டோர்டிஸ்: அவ சொன்னாளா.

இங்வில்: அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னாங்க. தெரிஞ்சா நாயை அவர் வீட்டுக்கே கொண்டுவான்னுடுவார், அப்புறம் உங்கம்மாவுக்கு என்ன மிஞ்சும்னாங்க.

டோர்டிஸ்: பாவம் பார்த்தாளாக்கும். எனக்கு.

இங்வில்: இல்லம்மா… டெக் மட்டும் நான் சொல்லித் தரமாட்டேன், அது உங்கம்மா சொல்லித் தர வேண்டியதுன்னாங்க. ஒரு நாள் லெஃப்ஸே பஸ்ஸைப் பார்த்து ஓடப் போச்சு. அவங்க வாயில தானா வந்துடுச்சு, அவங்க ஊர்ச் சொல்லு. அதுவும் படுத்துடுச்சு. ஒரே தடவையில.

டோர்டிஸ்: ஒரே தடவையில.

இங்வில்: அன்னைக்குப் பூரா அவங்க முகமே சரியில்ல. ஏதோ திருடிட்ட மாதிரி.

டோர்டிஸ்: …உன் கால்?

இங்வில்: ஸ்கூல்ல இல்ல. நம்ம படிக்கட்டுல. ஈரமா இருந்துச்சு, இதைத் தூக்கிட்டு இறங்கினேனா…

டோர்டிஸ்: அந்தக் கட்டு அவ சுத்தினதா. வெள்ளிக்கிழமை நீ வந்தப்பவே பார்த்தேன். இருவது வருஷமா நர்ஸா இருக்கேன், நான்கூட அவ்வளவு பொறுமையாச் சுத்தமாட்டேன். எந்த நர்ஸோன்னு நெனைச்சு எரிச்சல்பட்டேன்.

இங்வில்: அம்மா, அழறியா?

டோர்டிஸ்: ஈரல் பசை கண்ணுல பட்டுடுச்சு. …போன் மறுபடி கத்துது. எடுத்துப் பாரு. உங்கப்பா வந்துட்டாரா?

இங்வில்: அப்பா இல்லம்மா. முன்னாடி வந்த மெசேஜும் லொவிசாவோடதுதான். சீக்கிரமே வந்துட்டாங்க. அரை மணி நேரமா தபால் பெட்டிகிட்ட நனைஞ்சுட்டு நிக்கிறாங்க. அம்மா… மேல வரச் சொல்லட்டுமா?