மறுநாள் பார்வையும் ஆறாம் மாதப் பார்வையும்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகி சம்பத் அவர்களே, டாக்டரின் துணைவியார் வரலக்ஷ்மி அம்மா அவர்களே, சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் வந்திருக்கும் மருத்துவ நண்பர்களே, நோயாளிகளாக வந்து உறவாகிப்போனவர்களே! வணக்கம்.

என் பெயர் செல்வி. டாக்டர் ஸௌரிராஜன் அவர்களிடம் வேலை பார்த்து, ஒன்பது ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கண் அளவெடுத்தவள். அவரைக் கைராசிக்காரர் என்று எல்லோரும் பேசினீர்கள். உண்மை! ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகள் அந்தக் கை ஏன் லேசர் இயந்திரத்தைத் தொடவில்லை? அதைச் சொல்லாமல் இறங்கினால் இது என்ன இரங்கல்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நம் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் குவைத்துக்கும் கிளம்பிய காலம். கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போக வரிசையில் நின்றார்கள். எங்களிடம் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றில் கருவிழியில் மெல்லிய மடல் வெட்டித் தூக்கி, லேசர் பாய்ச்சி மூடுவோம்; மறுநாளே பார்வை. மற்றதில் மேல்தோலை மட்டும் நீக்குவோம். நாலு நாள் எரிச்சல், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். விளம்பரப் பலகையில் எதைப் போட்டார்கள்? 'மறுநாளே பார்வை!'

இரண்டாயிரத்து இரண்டில் பங்காருபாளையம் பக்கத்திலிருந்து கோபிகிருஷ்ணன் வந்தார். குவைத்தில் லாரி ஓட்டும் வேலை. கண்ணாடி கூடாது என்றார் ஏஜெண்ட். எட்டு நாளில் உடல் பரிசோதனை.

"உனக்குக் கருவிழி மெலிசுப்பா, மடல் வெட்டினா தாங்காது. தோல் நீக்கற முறைதான் சரி. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ" என்றார் டாக்டர்.

"ரெண்டு மாசமா? விசா பூடும் சார்! நைனா இன்னும் கூலிக்குப் போய்க்கினு கீறாரு. எப்டியாச்சும் செஞ்சிடுங்க சார்."

நிர்வாகமும் அவசரப்படுத்தியது. டாக்டர் மடல் முறையிலேயே செய்தார். மறுநாள் கோபி கடைசி வரி வரை படித்தார். எட்டாவது மாதம் திரும்பி வந்து நின்றார்.

"எதிர்ல வண்டி வந்தா வெளிச்சம் செதறிப் பூடுது சார். கண்ணாடி நம்பரும் ஏறிக்கினே போவுது. வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க."

அன்று முதல், இரு முறைகளிலும் லேசர் செய்துகொண்ட இருநூற்றுப் பதினான்கு பேரை டாக்டர் ஆறு மாதம் வரை திரும்பத் திரும்ப அழைத்தார். இருட்டறையில் விளக்கைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். என்ன கண்டார்? பெரும்பாலோருக்கு ஆறாம் மாதம் இரு முறையிலும் ஒரே பார்வைதான். வெளிச்சச் சிதறலும் இரண்டிலும் இருந்தது. ஆனால் மெலிந்த கருவிழிக்காரர்களில் மடல் வெட்டிய சிலருக்கே நம்பர் திரும்ப ஏறியது.

அதை வெளியிட முடியவில்லை. பதிவேடுகள் மருத்துவமனையின் சொத்து; விலகினால் சித்தூர், திருப்பதி இரண்டு ஊர்களிலும் தொழில் செய்யக்கூடாது. ஒப்பந்தம் அப்படி!

"விட்டுட்டுப் போயிடுங்க சார்" என்றேன்.

"போயிட்டா இவாளோட ஃபைலை யாரும்மா திறப்பா?" என்றார். இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை அவரால்.

இரண்டாயிரத்து ஆறில் மருத்துவர் கூட்டத்தில் நிர்வாகம் எழுதிக்கொடுத்த உரையை மடித்து வைத்துவிட்டு, ஆறு மாதக் கணக்கைப் படித்தார். "கோபிகிருஷ்ணனுக்கு நான் செய்தது தவறு" என்றார். மறுநாள் காலை அறுவை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து கண்ணாடிக்குச் சீட்டு எழுதினார். போன மாதம் அந்த நாற்காலியிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? 'அறிக்கையில் மறுநாள் பார்வையை மட்டும் எழுது' என்றார்கள் நிர்வாகத்தில். எழுதினேன். நான்கு வருஷம் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஊரில் என் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னை மன்னியுங்கள் வரலக்ஷ்மி அம்மா.

சம்பத் அவர்களே! நாளைக் காலை அந்த அறையில் நான் உட்காருவேன். லேசருக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறைகளின் ஆறு மாதப் பார்வையையும் சொன்ன பிறகுதான் அளவெடுப்பேன். அது கூடாது என்றால், இத்தனை பேர் முன்னால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கிறேன்.