சீவிய உரித்து

நெருங்கி உட்காருங்கள் மக்களே. பாயை ஜன்னல் பக்கமாக இழுத்துக்கொள்ளுங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு இந்த முன் அறைக்கு நல்ல காற்று வரும். கஞ்சி அடுப்பில் இருக்கிறது, நோன்பு திறக்க நேரம் கிடக்கிறது. காய்ச்சலோடு நோன்பு பிடித்த பக்தாத்துப் பெண்ணின் கதையை ஒவ்வொரு ரமழானிலும் கேட்பீர்கள். இன்று அதைவிடப் பெரிய கதை தருகிறேன். அந்தக் கதை பிறந்த கதை. ரஹ்மா, நீ மட்டும் இடையில் எழுந்து போகாதே. இது உனக்காகத்தான்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் இப்றாஹிம் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக்கும் நடுவே இருபத்தாறு வருடம் படுத்தேன். சாமான் சுற்ற வரும் பழைய தாள்களில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு மார்க்கச் சட்டம் சொல்லும் அறபுத்தமிழ்க் கிதாபும் வாசிக்கப் பழகினேன். அவர் மவுத்தானதும், கடை நின்ற நிலம் தன்னுடையது என்று துரை சொல்லியனுப்பினார். நான் வெளியே இறங்காத இத்தாக் காலம் முடியும்வரை பொறுத்தார். நல்ல மனிதர்தான்.

மகள் ஹபீலாவோடு வரக்காப்பொலைக்கு வந்தேன். கண்டி றோட்டுக்குப் பின்னால் இதே தெரு. இந்தப் பக்கம் பள்ளிவாசல், அந்தப் பக்கம் ஓடை, நடுவே பத்து வீடு. ஒரு வீட்டுச் சமையல் வேலிக்கு மேலால் மறு வீட்டுக்குப் போகும். பிள்ளை அழுதால் எந்த உம்மா பக்கத்தில் இருக்கிறாளோ அவள் தூக்குவாள். என்னையும் இங்கிருந்துதான் ஜனாஸாவாக எடுத்துப் போக வேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஒரு மனுஷி அதற்கு ஆசைப்படுவது தவறில்லையே.

இந்த வீடு றுகையா லாத்தாவுடையது. பிள்ளையில்லாத விதவை, என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு லாத்தா. நான் கடைச் சாமான் விற்ற காசுக்கு வீட்டைத் தந்தார். நொத்தாரிசு வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசிக்கும்போது ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். வீடு எனக்கு, ஆனால் முன் அறையில் விற்பவருக்குச் சீவிய உரித்து உண்டு. அதாவது, அவர் மவுத்தாகும்வரை யாரும் அவரை எழுப்ப முடியாது. சரி என்றேன். இரண்டே சொற்கள், பெரிதாகத் தோன்றவில்லை.

லாத்தா முன் அறையில், நாங்கள் பின் அறையில். பெருநாளைக்கு அவர் வைக்கும் வட்டிலப்பத்துக்குத் தெருவே வரும். தேங்காயை ஒரே வெட்டில் பிளப்பார். ஜன்னலுக்குப் பச்சை பூசலாமா என்று கேட்டேன்.

"நான் மவுத்தான பொறகு என்ன நிறம் வேணுமெண்டாலும் பூசுங்கோ ஸாஹிரா," என்றார். "கொஞ்சம் பொறுங்கோ. சுறுக்கா மவுத்தாகப் பாக்கிறன்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஹபீலாவுக்கு காமிலைப் பேசினோம். நல்ல பையன், புடவைக் கடையில் வேலை. அவன் உம்மா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பின் விறாந்தையில் லாத்தாவின் ஆடு கட்டியிருந்தது.

"ஊடு உங்கட பேருல ஈக்கிது, சரி," என்றாள். "எங்கட மகன் எங்க படுக்கிற? ஆட்டோடயா?"

முன் அறை காலியானதும் சொல்லியனுப்புங்கள், நாள் குறிக்கலாம் என்று போனாள். பெருநாள்வரை பார்ப்பாளாம். அதற்குப் பிறகு தெஹியோவிட்டையில் வேறு பெண் இருந்தது. ஹபீலா அன்று சாப்பிடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அது முப்பத்து நாலாம் ஆண்டு. மழை பொய்த்து ஓடை குட்டை குட்டையாக நின்றது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. ரமழான் பிறக்கும்போது வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். ஒரே நாளில் நாலு ஜனாஸாவும் போனது. மார்க்கம் சொல்லும் பள்ளி லெப்பையே படுத்துவிட்டார்.

முதல் நோன்பன்றே லாத்தாவும் ஹபீலாவும் நடுங்கத் தொடங்கினார்கள். அரசாங்க அப்போதிக்கரி சந்தையில் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்கிறார் என்று கேட்டு வரிசையில் நின்றேன். இரண்டு போத்தல் வாங்கினேன். காலை, பகல், மாலை, ஒரு வேளையும் தவறக் கூடாது என்றார்.

லாத்தாவின் கட்டிலில் இதோ இந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"ஸாஹிரா, நோயாளி நோன்ப விடலாமெண்டு சொல்றாங்களே," என்றார். "லெப்பையிட்டக் கேக்கவும் வழியில்ல. உங்கட கிதாபுல என்ன போட்டீக்கிது?"

கிதாபு என் மடியில் திறந்திருந்தது. நோயாளி நோன்பை விட்டுச் சுகமான பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்ற வரியில்தான் என் விரல் இருந்தது.

"விடலாமெண்டு ஈக்கிது லாத்தா," என்றேன். "ஆனா ஒரு கதையும் போட்டீக்கிது."

கதையைச் சொன்னேன். பக்தாத்தில் ஒரு பெண் காய்ச்சலோடு முப்பது நோன்பும் பிடித்தாள். அவள் பிடித்த ஒவ்வொரு நோன்புக்கும் மலக்குகள் சுவர்க்கத்தில் அவள் வீட்டுக்கு ஒரு வரிசைக் கல் வைத்தார்கள். முப்பதாம் நாள் கூரை போட்டார்கள். லாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தன அறை?"

"ஏழு."

"ஜன்னல்?"

"எல்லாப் பக்கமும்."

"அங்கயும் ஊடு வாங்கிறதுக்கு வந்திடாதீங்கோ," என்றார். போத்தலைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். நோன்பு திறந்த பிறகு ஒரு வேளை மட்டும் குடிப்பதாகச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. நோன்பென்று மனதில் நிய்யத்து வைத்த ஒருவரை வற்புறுத்துவது சரியில்லை.

அங்கிருந்து எழுந்து பின் அறைக்குப் போய் ஹபீலாவுக்குப் பகல் மருந்தை ஊற்றினேன்.

"நோன்பு உம்மா?" என்றாள்.

"நோயாளிக்கு விலக்கு மகள். குடிங்க."

"அப்ப முன் அறை மாமிக்கு?"

"அவங்கட நிய்யத்து அவங்களுக்கு," என்றேன். நடுவே இருந்தது பலகைச் சுவர். பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். ஆகவே மெதுவாகத்தான் சொன்னேன்.

லாத்தாவை ஒரு நாளும் தனியாக விடவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன், காலைப் பிடித்துவிட்டேன். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு மட்டும் எழுப்பவில்லை. நோயாளி தூங்கட்டும் என்றுதான். வெறும் வயிற்றோடு நோன்பைத் தொடர்ந்தார். "இண்டைக்கு எத்தனாவது வரிசை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். நான் சொல்வேன். ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை. மருந்து வாந்தியாகிப் போகிறது என்று எட்டாம் நாளிலிருந்து அந்த ஒரு வேளையையும் நிறுத்தினேன். மிச்சத்தை வீணாக்காமல் ஹபீலாவுக்குக் கொடுத்தேன். அவள் எழுந்து நடந்தாள்.

பதினைந்தாவது வரிசையோடு லாத்தா மவுத்தானார். நான்தான் குளிப்பாட்டினேன். நோன்போடு போனவர் என்று சொன்னேன், தெருவே அழுதது. அன்றைக்குத்தான் பக்தாத்துப் பெண்ணின் கதையை மற்றவர்களுக்கும் சொன்னேன். அது வேலி தாண்டி வீடு வீடாகப் போனது.

பெருநாள் கழித்துக் கலியாணம் நடந்தது. ஜன்னலுக்குப் பச்சை பூசினேன். ஆனால் ஹபீலா ஒரு நாளும் இந்த அறையில் படுக்கவில்லை. புருஷனும் பெண்சாதியும் விறாந்தையில் படுத்தார்கள், ஆடு கட்டியிருந்த இடத்தில். எட்டு மாதத்தில் காமிலைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டாள். பெருநாளைக்கும் வருவதில்லை. பிள்ளைகள் இப்படித்தான், எதற்கென்று சொல்லாமலே விலகிவிடுகிறார்கள்.

ரஹ்மா, உன் உம்மா காய்ச்சலோடு நோன்பு பிடிக்கிறாள், என் கதையைச் சொல்லி மருந்தைத் தள்ளுகிறாள் என்று காலையில் நீ சொன்னாய். அதனால்தான் இதையெல்லாம் பேசினேன். பக்தாத்துப் பெண் எந்தக் கிதாபிலும் இல்லை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, அவளை நான்தான் உண்டாக்கினேன். றுகையா லாத்தா சாக வேண்டும் என்று உண்டாக்கினேன், சாகும்வரை சொன்னேன். கிதாபை எடுத்துக்கொண்டு போ. பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். உம்மாவுக்கு வாசித்துக் காட்டி, நோன்பு திறக்கும் பாங்குக்குக் காத்திராமல் மருந்தைக் குடிக்க வை.

மற்றவர்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? கஞ்சி வெந்துவிட்டது. நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. மீதிப் பதினைந்து வரிசைக்கும் ஆண்டு தவறாமல் துஆக் கேட்டு வருகிறேன்; இந்நேரம் கூரையும் போட்டிருப்பார்கள். உங்கள் அடுப்புகள் அணையாதிருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் உங்கள் கூரைக்குக் கீழேயே படுத்துறங்கட்டும். றுகையா லாத்தாவுக்கு நான் கட்டிக் கொடுத்ததைப் போல, எல்லாப் பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு வீடு உங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைக்கட்டும்.