பச்சை டேக் கட்டிய பதினான்கு பக்கங்கள்

“டீ போதும் சார், ஜாஸ்தி குடிச்சா வயிறு ஒத்துக்காது. எங்க விட்டேன்? ஆங், பச்சை டேக்.”

அதை வைத்துத்தான் என்னைப் பிடித்திருப்பீர்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே எட்டு வருடமாக மனு டைப் செய்கிறேன். இடது மூலையில் ஓட்டை போட்டு, பச்சை டேக் கட்டி, கீழே ‘இணைப்பு: 14 பக்கங்கள்’ என்று போடாமல் என் கை எதையும் அனுப்பாது. பெயர் போடாத கவரிலும் அப்படியே செய்துவிட்டேன்.

கவிநிலா பக்கத்து கம்ப்யூட்டரில் உட்காருவாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் வருவாள். “இன்னா புகழேந்தி, மூஞ்சியே மனு குடுக்க வந்த மாதிரி இருக்குது. திங்கக்கிழமை கலெக்டரப் பாருப்பா” என்று சிரிப்பாள். வேறு யாரையும் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் கவனித்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு டேட்டிங் ஆப்பின் தகவல்கள் மொத்தமாக வெளியே கசிந்துவிட்டன. நானும் அதில் இருந்தேன். பயத்தில்தான் அந்தக் கோப்பைத் தேடி இறக்கினேன். என் நம்பரைப் பார்த்த பிறகு அவள் நம்பரைப் போட்டேன். இருந்தாள். யார் படத்தை எத்தனை நொடி பார்த்தாள் என்பதுவரை இருந்தது. என்னுடையதை இரண்டு நொடி பார்த்துவிட்டு ஒதுக்கியிருந்தாள். ஆரணி விமல்ராஜ் என்ற ஒருவனுக்கு மட்டும் நானூறு செய்திகள். ஒன்றில் நானும் இருந்தேன்: “பக்கத்து சீட்ல ஒருத்தன் பாத்துனே இருப்பான். பாவம்.”

பதினான்கு பக்கங்களைத் தேர்ந்தெடுத்து அவள் அப்பா அப்பாதுரைக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. அவளைக் கிணற்றில் தள்ளியது அவர். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த அறையில் அழுவது அவர்தானே?

அவர் இப்படிச் செய்வார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். மூன்று வருடத்துக்கு முன் மூத்த மகள் ஒருவனோடு போய்விட்டபோது, கண்டுபிடித்துத் தரச்சொல்லி மனு எழுத என்னிடம்தான் வந்தார். “கைல கெடச்சா கெணத்துல தள்ளிடுவேன், அதையும் எழுதுப்பா” என்றார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு டைப் செய்து கொடுத்தேன். மறக்கவில்லை சார்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். என்னிடம் இருந்த கோப்பு மார்ச் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் என் படத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். அவள் போன் உங்களிடம்தானே இருக்கிறது?

“கொஞ்சம் தெறந்து பாத்து சொல்லுங்க சார்.”