சவுனா அடுப்பில் ஓடும் சறுக்குவண்டி

ஹெல்கா: சனிக்கிழமை, மணி மூணு. ஏரியைச் சுத்தி எல்லா வீட்டு சவுனாவுலயும் நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டி, புகை போகுது. நம்ம சவுனா மட்டும் ஏன் இப்படிக் கெடக்கு?

தைஸ்தோ: அட… ஹெல்கா! வந்துட்டியா? பஸ் அஞ்சு மணிக்குத்தானே?

ஹெல்கா: இர்மா வீட்டுக்காரர் கார்ல கொண்டாந்து விட்டார். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ஆர்மஸ்: இர்மா அக்காவுக்கு ஆபரேஷன் எல்லாம் நல்லபடியா…

ஹெல்கா: ரெண்டு வாரமா ஒரு போன் பண்ணல, இப்ப என்னடா பாசம்? இப்படித் திரும்பு. … உன் புருவம் எங்க?

ஆர்மஸ்: முளைச்சிரும்க்கா.

ஹெல்கா: ரெண்டுமா?

தைஸ்தோ: கொட்டகை குளிருது, ஹெல்கா. நீ வீட்டுக்குப் போ. நான் வந்து காப்பி…

ஹெல்கா: நான் சவுனாவைப் பாத்துட்டுத்தான் வரேன். அடுப்பு மேல சூடேத்தற கல்லெல்லாம் தரையில கொட்டிக் கெடக்கு. கூரையில ஓட்டை. அடுப்பைக் காணோம். தண்ணித் தொட்டியைக் காணோம். திருடன் வந்துட்டான்னு ஓடி வந்தா, நீங்க ரெண்டு பேரும் ஸ்பேனரும் கையுமா நிக்கறீங்க. அந்தத் தார்ப்பாய்க்கு அடியில என்ன?

ஆர்மஸ்: படகு.

ஹெல்கா: படகு வெளியில பனிக்கு அடியில கவுந்து கெடக்கு. இப்பத்தான் அதுல கால் இடிச்சுக்கிட்டேன். இழுடா தார்ப்பாயை.

ஆர்மஸ்: மாமா…

தைஸ்தோ: இழுத்துரு மச்சான்.

ஹெல்கா: இது… என் அடுப்பு.

ஆர்மஸ்: அடுப்பேதான். முன்னாடி இருக்கறது லாரி டர்போ. காத்தை உறிஞ்சி உள்ள தள்ளும். உள்ள மண்ணெண்ணெய் பத்திக்கும். பின்னாடி புகைபோக்கி வழியா…

ஹெல்கா: ஜெட்டா?

தைஸ்தோ: ஜெட்டுதான்.

ஹெல்கா: சவுனா அடுப்பை வெச்சு ஜெட் சறுக்குவண்டி பண்ணியிருக்கீங்க.

ஆர்மஸ்: அவ்வளவு கெட்டித் தகடு வேற எங்கக்கா கெடைக்கும்?

ஹெல்கா: அந்த சவுனாவுலதான்டா அம்மா நம்ம மூணு பேரையும் பெத்தா!

ஆர்மஸ்: அப்ப இருந்தது பழைய அடுப்பு. இது அப்பா போனப்புறம் வாங்கினது.

ஹெல்கா: வாயை மூடு. தண்ணித் தொட்டி?

ஆர்மஸ்: இதோ, சீட்டுக்குப் பின்னாடி. மண்ணெண்ணெய்க்கு.

ஹெல்கா: குளிக்கற தண்ணி வெக்கற தொட்டியில மண்ணெண்ணெய்.

தைஸ்தோ: கழுவிடலாம்.

ஹெல்கா: இதை ஓட்டினா எப்படி நிறுத்துவீங்க?

ஆர்மஸ்: பின்னாடி பாராசூட் இருக்கு.

ஹெல்கா: துணி ஏது?

ஆர்மஸ்: அதை மாமாகிட்ட கேளுக்கா.

ஹெல்கா: தைஸ்தோ, துணி ஏது?

தைஸ்தோ: அலமாரியில… அந்த லினன் விரிப்பு. நீதான் அதை விரிக்கறதே இல்லயே!

ஹெல்கா: நம்ம கல்யாண விரிப்பு.

தைஸ்தோ: தையல் போட்டதெல்லாம் நான்தான். அழகா வந்திருக்கு.

ஹெல்கா: இதை ஏரிப் பனிமேல விட்டுப் பாத்தீங்களா?

ஆர்மஸ்: விடல. பைன் மரத்துல கயித்தால கட்டி, ஆள் இல்லாம கிளப்பிப் பாத்தோம்.

ஹெல்கா: அப்புறம்?

ஆர்மஸ்: மரம் சாஞ்சிருச்சு.

ஹெல்கா: மரம் சாஞ்சுதா!

தைஸ்தோ: சின்ன மரம்.

ஆர்மஸ்: சின்ன மரம் இல்லக்கா. அந்தச் சத்தத்துல அக்கரை நாயெல்லாம் பேசாம படுத்துருச்சு. நான் கிட்டப் போய் அணைக்கறதுக்குள்ள… புருவம்.

ஹெல்கா: ரெண்டு பேருக்கும் பேரப்பிள்ளை எடுக்கற வயசு. எதுக்குய்யா இதெல்லாம்?

தைஸ்தோ: கலெர்வோ.

ஹெல்கா: அக்கரை கலெர்வோவா? அவனுக்கென்ன?

தைஸ்தோ: மூணு வருஷமா விசிறி வெச்ச சறுக்குவண்டியை வெச்சுக்கிட்டு, உறைஞ்ச ஏரிப் பந்தயத்துல அவன்தான் முதல். கடையில எல்லாரும் காப்பி குடிச்சிட்டிருக்கும்போது சொல்றான், "தைஸ்தோவுக்குப் பனியில செருப்பு போட்டு நடக்கவே வராது"ன்னு.

ஹெல்கா: வராதுதானே?

தைஸ்தோ: அதை அவன் சொல்லலாமா? நான் வாயை விட்டுட்டேன். பந்தயம் கட்டினான். நான் ஜெயிச்சா அவனோட புது மோட்டார் படகு.

ஹெல்கா: தோத்தா?

தைஸ்தோ: அவன்தான் பல வருஷமா கேட்டுக்கிட்டிருக்கானே…

ஹெல்கா: எதை?

தைஸ்தோ: பழைய மரம், நல்லா வைரம் பாஞ்ச கட்டை, இப்பல்லாம் அப்படி மரம் கெடைக்காதுன்னு…

ஹெல்கா: ஐயோ.

தைஸ்தோ: ஹெல்கா, உக்காரு.

ஹெல்கா: இரு. சவுனா சுவத்துல சாக்பீஸ் கோடு பாத்தேன். ஒவ்வொரு மரத்துலயும் ஒரு நம்பர். கிழக்குப் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு… கட்டடத்தைப் பிரிச்சு வேற எடத்துல எழுப்பறவன்தானே மரத்துக்கு நம்பர் போடுவான்?

ஆர்மஸ்: ஆமா.

ஹெல்கா: யாரு போட்டது?

ஆர்மஸ்: கலெர்வோ வந்தான்.

ஹெல்கா: அவ்வளவு திமிரா? பந்தயம் ஓடறதுக்கு முன்னாடியே வந்து நம்பர் போட்டுட்டுப் போறான், நீங்க ரெண்டு ஆம்பளைங்க பாத்துக்கிட்டு நின்னீங்களா?

ஆர்மஸ்: காப்பி போடட்டுமாக்கா?

ஹெல்கா: அந்த சவுனா உன் சொத்தாய்யா, தைஸ்தோ? எங்கப்பா வெட்டிச் செதுக்கின மரம். அதை வெச்சுப் பந்தயம் கட்ட உனக்கு யாரு உரிமை கொடுத்தா?

தைஸ்தோ: கை குடுத்துட்டேன். கடை முழுக்க ஆளு. கை குடுத்தா குடுத்ததுதான், உனக்குத் தெரியாதா?

ஹெல்கா: தெரியும். சரி. யாரு ஓட்டறது? தைஸ்தோ, நீ இந்த சீட்டுக்குள்ள ஒரு தொடையை நுழைக்க முடியாது. ஆர்மஸுக்கு முழங்கால் மடங்காது. இவ்வளவு ஒடுக்கமா யாருக்குடா செஞ்சீங்க?

ஆர்மஸ்: தபால்காரப் பையன் ஒருத்தன்…

ஹெல்கா: அவன் வாசல்ல குனிஞ்சு வர்ற உசரம். பொய் சொன்னா காது செவக்குது உனக்கு, சின்ன வயசுலேர்ந்து. நகரு.

தைஸ்தோ: ஹெல்கா, வேணாம், அதுல எண்ணெய்…

ஹெல்கா: நகருய்யா. நான் ஏறி உக்காந்து பாக்கறேன். … முட்டி இடிக்கல. தோள் சரியா இருக்கு. பெடல்… கால் நேரா போய் நிக்குது.

தைஸ்தோ: ம்.

ஹெல்கா: யாரு அளவெடுத்தது?

தைஸ்தோ: பரண்ல உன் பழைய தோல் கோட்டு இருந்துச்சு. ஆணி டயர் பைக் ஓட்டுவியே… அதுக்குப் போடறது. கொஞ்சம் தளர்வா விட்டேன்.

ஹெல்கா: கொஞ்சம்.

தைஸ்தோ: இருபத்தாறு வருஷத்துக்கு எவ்வளவோ, அவ்வளவு.

ஹெல்கா: கல்யாணமான வாரம் அந்த பைக்கை வித்தது யாரு?

தைஸ்தோ: நான்தான்.

ஹெல்கா: "பனியில இனி நீ ஓட்டக் கூடாது, எனக்குத் தூக்கம் வரல"ன்னது யாரு?

தைஸ்தோ: நான்தான். அதான் எந்த முகத்தோட கேக்கறதுன்னு…

ஆர்மஸ்: மாமா நாலு தடவை போன் எடுத்தார்க்கா. நான் பாத்தேன். எடுப்பார், வெச்சிருவார்.

ஹெல்கா: முட்டாள்.

தைஸ்தோ: ஆமா.

ஹெல்கா: கேட்டிருந்தா அன்னிக்கே கிளம்பி வந்திருப்பேன். இர்மாவே படுக்கையிலேர்ந்து எழுந்து என்னை வண்டி ஏத்தி விட்டிருப்பா. இந்தக் கலெர்வோவை நான் எத்தனை தடவை பின்னால விட்டிருக்கேன், தெரியுமா? என் டயர் தூக்கின பனியைத் தின்னே வளந்தவன் அவன்.

ஆர்மஸ்: தெரியும்க்கா.

ஹெல்கா: பயமாத்தான் இருக்கு. மரத்தைச் சாய்ச்ச எமன் இது. ஆனாலும் நேர்கோடுதானே? திருப்பம் இல்லயே?

ஆர்மஸ்: இல்ல. நேரா ஒரு கிலோமீட்டர்.

ஹெல்கா: அப்ப அப்பாவோட மரம் எங்கயும் போகாது. டேய், இந்த போல்ட்டெல்லாம் ஏன் கழண்டு கெடக்கு? முடுக்கு. தைஸ்தோ, அந்தக் கோட்டை எடுத்துட்டு வா. நாளைக்கு ஞாயிறு. காலையில ஏரியில பனி இறுகி நிக்கும். வெய்யில் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கறேன். பந்தயம் எத்தனை மணிக்கு?

ஆர்மஸ்: மாமா.

தைஸ்தோ: நீ சொல்லு மச்சான். உன் அக்கா.

ஆர்மஸ்: உங்க பொண்டாட்டி.

ஹெல்கா: என்னடா முழிக்கறீங்க ரெண்டு பேரும்? எத்தனை மணிக்குன்னு கேட்டேன்.

தைஸ்தோ: ஹெல்கா… பந்தயம் போன ஞாயிறே முடிஞ்சிருச்சு. கொடி இறங்குச்சு, கலெர்வோ வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டான். நாங்க ரெண்டு பேரும், நீ உக்காரு நீ உக்காருன்னு, வண்டிக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டே இருந்தோம்.