ஆவுடைத்தாய் தாண்டின கோடு

வீட்டுக்கு வீடு குழாய் வராத காலத்துல, ஓடைக்கரைப்பட்டியில ஊருக்கே ஒத்தக் கிணறுதான். அங்க வாக்கப்பட்டு வந்தவ ஆவுடைத்தாய். இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு ரெண்டு குடத்தோட ஓட்டமா வருவாளாம். ஒரு சொட்டு சிந்தாதாம்.

தலைப்பிள்ளைக்கு எட்டு மாசம் இருக்கையில அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிட்டு. ஆனா காலு நின்னுபோச்சு. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. நடந்துக்கிட்டே இருப்பா, திடீர்னு பாதம் ரெண்டும் தரையில ஒட்டிக்கிடும். 'போ, போ'ன்னு மனசு சொல்லும், காலு கேக்காது. குடத்தோட நட்டு வச்ச கல்லு மாதிரி நிப்பா.

வைத்தியர் நாடி பார்த்தாரு, ஒண்ணும் பிடிபடல. இது மூளையில உள்ள கோளாறுன்னு இந்தக் காலத்து டாக்டருன்னா சொல்லியிருப்பாரு. அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

"பேய்தான் காலைப் பிடிச்சிருக்கு"ன்னா மாமியா. "பேய் பிடிச்சவகளைச் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிற கோயில்ல கொண்டு விட்டுருவோம். பிள்ளைய நான் வளர்த்துக்கிடுதேன்."

"அத்தை, எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. காலுதான் கேக்கமாட்டேங்குது"ன்னு கெஞ்சினா ஆவுடைத்தாய்.

"பேயி வேற எப்படிப் பேசும்?"

வண்டியும் வந்து வாசல்ல நின்னுட்டு. புருசன் சங்கரபாண்டி மாட்டுக் கயித்தைப் பிடிச்சிக்கிட்டுத் தலை குனிஞ்சு நின்னானாம். போற வழிக்குப் பேயைக் கட்டணும்னு கோடாங்கியக் கூப்பிட்டிருந்தாக. அவரு உடுக்கடிச்சு, கரைச்ச சுண்ணாம்பைத் தொட்டு, அவ காலுக்கு முன்னால குறுக்க ஒரு கோடு போட்டாரு.

"இதை அது தாண்டாது!"

கோட்டுக்கு அந்தப் பக்கம் மாமியா இடுப்புல பிள்ளை. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுவுது. ஆவுடைத்தாய் குனிஞ்சு கோட்டைப் பார்த்தா. பார்த்த மாத்திரத்துல வலதுகாலு தானா எந்திரிச்சுச்சாம். தாண்டிட்டா!

"ஐயையோ, தாண்டிட்டே!"ன்னு கோடாங்கி எடுத்தாரு பாருங்க ஓட்டம். உடுக்கை இங்க கிடக்கு, ஆளு ஓடைக்கு அந்தப் பக்கம்.

"கோட்டுக்கே அடங்காத பேயில்லா! ஏத்துலே வண்டியில!"ன்னு மாமியா கத்துதா.

தாண்டினவ காலு மறுபடியும் ஒட்டிக்கிட்டு. அப்பத்தான் அவ நாத்தனாக்காரி மாடத்தி குறுக்க வந்தா. பதினாலு வயசு, வாயாடி.

"பொறும்மா. உழுத காட்டுல மதினி நின்னு பாத்திருக்கியா? உழவுச் சாலைத் தாண்டித் தாண்டி ஜோரா போவாக. வழுவழுன்னு இருக்க தரையிலதான் நிக்காக."

சொல்லிக்கிட்டே சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கி, ஒரு அடி தள்ளி இன்னொரு கோடு போட்டா. "தாண்டி வாங்க, மதினி."

தாண்டினா.

இன்னொரு கோடு. "வாங்க, மதினி."

தாண்டினா. மாடத்தி குனிஞ்சமானிக்கே பின்னால போறா, இவ கோடு கோடாத் தாண்டி வாரா. வாசல் தாண்டி, வண்டி தாண்டி, வேப்பமரம் வரைக்கும் வந்துட்டாக. அங்க சட்டி காலி. கிணத்துக்கு இன்னும் எம்புட்டோ தூரம் கிடக்கு.

மாடத்தி திரும்பிப் பார்த்தா. "அண்ணே, வண்டிய விடு."

"எங்கட்டி, கோயிலுக்கா?"

"காளவாசலுக்கு. சுண்ணாம்பு தீந்துட்டு."

சங்கரபாண்டி ஆத்தா முகத்தைக்கூடப் பாக்கலியாம். வண்டியில தாவி ஏறிட்டான். பொழுது சாயுறதுக்குள்ள கிணத்தடி வரைக்கும் கோடு. ஆவுடைத்தாய் தானே போயி, தானே இறைச்சு, ஒரு குடம் கொண்டுவந்து மாமியா முன்னால வச்சா. மாமியா பிள்ளைய அவ இடுப்புல கொடுத்துட்டா.

அந்தக் கோளாறு கடைசி வரைக்கும் அவளை விட்டுப் போகலியாம். மழை கோட்டை அழிக்கும், மாடத்தி மறுபடி போடுவா. அந்தப் பாதையில நடந்தே ஆவுடைத்தாய் அஞ்சு பிள்ளை பெத்து வளர்த்து, பேரன் கல்யாணத்துக்கும் தண்ணி சுமந்தாளாம்.

இப்பவும் எங்க ஊர்ல பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது முதல் சுண்ணாம்பு சுவத்துக்கு இல்ல, கிணத்துப் பாதைக்குத்தான். அடிக்கு ஒரு கோடு. நடை பழகுற பிள்ளைகளையும் அதுலதான் விடுவோம். ஆனா முதல் கோட்டை வீட்டுல வாக்கப்பட்டவ போடக்கூடாது. எந்த ஊர்ல இருந்தாலும் நாத்தனா வந்து போடணும். போட்டுட்டு, "தாண்டி வாங்க, மதினி"ன்னு கூப்பிடணும்.

கூப்பிடுற வரைக்கும் வாக்கப்பட்டு வந்த நாங்க காலை ஒட்டவச்சுக்கிட்டு நிப்போம்.